புகை விடாத இன்ஜின்

"என்னாங்க சார், புகையே காணோம்? இன்ஜின் இழுக்கலைங்க. பெயிலுன்னு கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிடட்டுங்களா?"

சிமெண்ட் கூட்ஸ் மாரண்டஅள்ளியைத் தாண்டி ராயக்கோட்டை ஏற்றத்தில் ஏறத் தொடங்கியதும், லோகோ பைலட் மாதையன் அண்ணன், சோதனைக்காகப் பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்ட கேள்வி இது.

சொல்லிவிட்டால் கதை முடிந்தது. எங்கள் டீசல் ஷெட்டில் ராப்பகலாக உழைத்துத் தயார் செய்த இன்ஜின் அது. பழைய டீசல் பம்பைக் கழற்றிவிட்டு, டீசலை அளந்து பீய்ச்சுகிற எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வைத்திருந்தோம். டேங்கில் புங்கெண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்த டீசல். ஏற்றத்தில் ஒருமுறை நின்றாலும் சோதனையை மூட்டை கட்டிவிடுவார்கள். "புங்கெண்ணெயில ரயில் ஓட்டறாங்களாம்" என்று சிரித்தவர்கள் வேறு காத்திருந்தார்கள்.

அண்ணனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த ஏற்றத்தில் கூட்ஸ் ஓட்டுகிற எல்லோரும் ஜன்னலில் தலையை நீட்டிப் புகையைத்தான் பார்ப்பார்கள். கரும்புகை கக்கினால் இன்ஜின் தம் கட்டி இழுக்கிறது என்று கணக்கு. உண்மையில் அது முழுசாக எரியாமல் வீணாகப் போகும் டீசல்.

"அண்ணே, புகைய உடுங்க. லோடு மீட்டரப் பாருங்க, எவ்வளவு இழுக்குதுன்னு அதுல தெரியும்."

"மீட்டரும் புதுசு தானுங்களே சார்!"

எனக்கு வந்ததே கோபம்! ஆனால் ஹேண்டில் அவர் கையில்.

"அந்தா தெரியுதே கேட்டு, அது வரைக்கும் பொறுங்க. வேகம் கொறைஞ்சா நானே கன்ட்ரோலுக்குச் சொல்றேன்" என்றேன்.

வேகம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேகம் குறையவில்லை. லெவல் கிராசிங்கில் கேட் கீப்பர் முனியம்மா பச்சைக் கொடியோடு நின்றார். கரிக்குப் பயந்து துணியைக்கூட வீட்டுக்குப் பின்னால் காயப்போடுகிறவர். வண்டி வந்தாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். அன்று மூடவில்லை, வாயைப் பிளந்து மேலே பார்த்தார்.

ராயக்கோட்டையில் நின்றதும் ஸ்டேஷன் மாஸ்டர் எங்களை அறைக்குள் கூப்பிட்டார். "இன்ஜின்ல என்னங்க கோளாறு? புகையே வரலையாம். கேட்டுல இருந்து முனியம்மா போன்ல கத்துது."

மாதையன் அண்ணன் போனை வாங்கிக்கொண்டார்.

"கோளாறுமில்ல, ஒண்ணுமில்ல தாயி. நம்ம ஷெட்டுக்காரங்க செஞ்ச புது இன்ஜின், சும்மா ஜம்முனு ஏறுது! இது வர்ற அன்னிக்கு வெள்ளத்துணிய கேட்டுகிட்டயே காயப்போடு. கரி பட்டா நான் தொவைச்சுத் தர்றேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்ஜின் செய்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: ஷெட்டை விட்டு வெளியே அனுப்பியதோடு வேலை முடியாது. ஓட்டுகிறவர் பக்கத்தில், ஏற்றம் முடிகிற வரை நில்லுங்கள்.