நின்றுகொண்டு சாப்பிட்டது கணக்கில் வராது

என் நாத்தனாரைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொல்வேன் என்று ஆறு வருடத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், அவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பேன். எங்களுக்குள் அப்படி ஒரு பொருத்தம். நான் என்ன சமைத்தாலும் அவருக்கு உப்பு ஒரு சிட்டிகை தூக்கலாக இருக்கும். அவர் எந்த நல்ல காரியத்துக்குப் புடவை எடுத்துக் கொடுத்தாலும் எனக்குப் பிடிக்காத நிறமாகத்தான் இருக்கும். என் வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். "அக்கா சொன்னா", "அக்கா கேட்டா" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கு அந்த அக்காவை யாராவது ஒரு வார்த்தை குறைவாகப் பேசிப் பார்க்கட்டும், நான் சும்மா விடமாட்டேன்.

அவருக்கு ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை. நாற்பது வாண்டுகள், முழங்கால் உயரத்துக்கு மேசைகள், உள்ளங்கை அகலத்தில் தட்டுகள். ஆள் குள்ளம், எடை தொண்ணூற்று நாலு கிலோ. மத்தியானம் தூங்க அடம்பிடிக்கும் குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டால் இரண்டே நிமிடத்தில் தூங்கிவிடும். அதனால் அந்தக் குழந்தைகள் அவருக்கு வைத்த பெயர் 'மெத்தம்மா'. அவருக்கும் அதில் பெருமைதான்.

அந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. அச்சகத்தில் நாள் பூராவும் நின்று வேலை பார்த்த மனிதர், வாரத்தில் மூன்று நாள் நாலு நாலு மணி நேரம் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு படுத்துக் கிடந்தார். இதயமும் களைத்துக்கொண்டு வருகிறது, இரண்டு வருடத்துக்குள் மாற்றுச் சிறுநீரகம் வைத்துவிடுவது நல்லது என்றார் டாக்டர். என் ரத்தம் அவருக்குச் சேரவில்லை. நாத்தனாருடையது சேர்ந்தது.

"எல்லாம் பொருந்துதும்மா," என்றார் டாக்டர் அவரிடம். "ஆனா இந்த எடையில உங்க உடம்புல நான் கத்தி வைக்க மாட்டேன். குடுத்த பிறகு ஒத்தைக் கிட்னியை வச்சுக்கிட்டு நீங்களும் நாப்பது வருஷம் நல்லா இருக்கணும். எழுபத்திரண்டுக்குக் கீழ வாங்க, அப்புறம் பேசலாம்."

"நான் சாப்பிடறதே ரொம்பக் கம்மி, டாக்டர்," என்றார் நாத்தனார். "இது உடம்பு வாகு."

எனக்கு வந்த சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

மறுநாளே பட்டினியை ஆரம்பித்தார். எலுமிச்சைச் சாறு, வெள்ளரிக்காய், தண்ணீர், அவ்வளவுதான். மூன்றே வாரத்தில் ஆறு கிலோ இறங்கியது. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். அவர் கண் உள்ளே போனதையும், படி ஏறும்போது சுவரைப் பிடித்ததையும் நான் பார்க்காமல் இல்லை. பார்த்தும் சும்மா இருந்தேன். என் புருஷன் பிழைத்தால் போதும் என்று இருந்துவிட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நாலாவது வாரம் காப்பகத்தின் அடுப்படியில் மயங்கி விழுந்தார். நல்லவேளை, அடுப்பில் பானை இல்லை.

"குடுக்க வந்தீங்களா, படுக்க வந்தீங்களா?" என்று டாக்டர் நறுக்கென்று கேட்டார். நாத்தனார் அன்றோடு பட்டினியை விட்டார். அடுத்த ஒரே மாதத்தில், போன ஆறு கிலோவும் இன்னொரு கிலோவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

மருத்துவமனையில் உணவு ஆலோசகராக ஒரு சின்னப் பெண் இருந்தாள். ஒரு வாரம் சாப்பிடுவதையெல்லாம் ஒன்று விடாமல் நோட்டில் எழுதி வரச் சொன்னாள். நாத்தனார் எழுதிக்கொண்டு போனார். காலையில் டீ, மத்தியானம் ஒரு கிண்ணம் சோறு, கொஞ்சம் காய், சாயங்காலம் இரண்டு துண்டு ரொட்டி. ஏழு நாளும் இதே.

அந்தப் பெண் நோட்டை மூடினாள். "இது மட்டும்தான்னா, நீங்க இந்நேரம் காத்துல பறந்திருக்கணும்மா."

"என் தம்பி மேல சத்தியமா இவ்வளவுதான்," என்றார் நாத்தனார்.

அங்கேதான் எனக்கு இடித்தது. அவர் என்னிடம் ஆயிரம் கதை அளப்பார். தம்பி மேல் பொய்ச் சத்தியம் மட்டும் செய்யவே மாட்டார், அதுவும் தம்பி இருந்த நிலைமையில்.

மயங்கி விழுந்த ஆளைத் தனியாக அடுப்படியில் விட முடியாது, ஒரு வாரம் கூட ஓர் ஆள் வேண்டும் என்று காப்பகத்து மேலாளர் அம்மா சொல்லிவிட்டார். நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். உதவிக்கு என்று பெயர். உண்மையில் வேவு பார்க்கத்தான் போனேன்.

காலையில் ரொட்டித் துண்டுகளுக்கு ஓரம் வெட்டினார். வெட்டிய ஓரம் நேராக வாய்க்குள் போயிற்று. முட்டை உரித்தார். அதில் ஒன்று உடைந்துபோக, அதுவும் உள்ளே போனது. குழந்தைகள் சாப்பிட்டு முடித்த தட்டுகளை அடுக்கினார். மூன்று தட்டுக்கு ஒரு தட்டில் அரை வாழைப்பழமோ, ஒரு கரண்டி சோறோ, கடித்த பிஸ்கட்டோ இருந்தது. கை எடுக்கிறது, வாய் மெல்லுகிறது. அவர் பாட்டுக்கு என்னோடு பேசிக்கொண்டே இருக்கிறார். பானை அடியில் ஒட்டியதை வழித்தார், அதுவும் வாயில்தான். கழிவு வாளி பளபளவென்று காலியாக இருந்தது.

நான் சுவரில் தொங்கிய பழைய காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். குழந்தைகள் தூங்கிய பிறகு தாளை அவர் முன்னால் வைத்தேன்.

"என்னது இது?"

"முப்பத்தோரு கோடு. முப்பத்தோரு தடவை வாயில போட்டிருக்கீங்க."

"நானா? எப்போ?"

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சண்டைக்கு வருவார் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் ஆரம்பித்தேன். வரவில்லை. மலைத்துப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் சாப்பாடா அம்மாடி?" என்றார். "அது மிச்சம். நின்னுக்கிட்டு வாயில போட்டது. சாப்பாடுன்னா, உக்காந்து தட்டுல போட்டுச் சாப்பிடறதுதானே?"

கிண்டல் இல்லை, சமாளிப்பு இல்லை. சத்தியமாகவே அப்படி நம்பியிருக்கிறார். உட்கார்ந்து தின்றால்தான் அவர் கணக்கில் சாப்பாடு.

ஒரு குழந்தை நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் எப்படியோ உட்கார்ந்தார். "இது உன் புருஷன்கிட்ட ஆரம்பிச்சது," என்றார். "சின்னதுல ரெண்டு வாய் சாப்பிட்டா நாலு வாய் மிச்சம் வைப்பான். எங்கம்மா கையில எப்பவும் அகப்பை இருக்கும். மிச்சம் வச்சா முதுகுல ஒண்ணு விழும். அம்மா இந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள நான் அவன் தட்டைக் காலி பண்ணிடுவேன். அப்புறம் எங்க வீட்டுக்காரர் மிச்சம், பசங்க மிச்சம். இப்போ இந்த நாப்பது பேர் மிச்சம்."

தம்பியை அடியிலிருந்து காப்பாற்ற ஆரம்பித்த பழக்கம்தான் இப்போது அதே தம்பிக்குக் குறுக்கே நிற்கிறது என்று அவருக்கும் புரிந்துவிட்டது.

சாயங்காலம் அவரோடு அவர் வீட்டுக்குப் போனேன். அலமாரியில் அவர் வீட்டுக்காரருக்குத் தட்டு இருந்தது, இரண்டு மகன்களுக்கும் இருந்தது. இவருக்கென்று ஒன்று கிடையாது. எல்லாரும் சாப்பிட்ட பிறகு பானையிலிருந்தே முடித்துக்கொள்வாராம். மறுநாள் என் வீட்டிலிருந்து நீலக்கோடு போட்ட ஒரு தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் கொடுத்ததில் அவர் குறை சொல்லாத முதல் பொருள் அதுதான்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே சட்டம். எங்கே போனாலும் அந்தத் தட்டு பையில் கூடவே வரும்; எதுவானாலும் அதில் போட்டு, உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நின்றுகொண்டு வாயைத் திறப்பது பேசுவதற்கு மட்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கும். முப்பது வருடமாகத் தானாக வாய்க்குப் போன கையை நடுவழியில் நிறுத்துவது லேசுப்பட்ட காரியமா? முதல் மாதம் ரொட்டி ஓரம் வெட்டி முடித்ததும் கையை இடுப்பில் செருகிக்கொள்வார்.

காப்பகத்தில் மேலாளரிடம் பேசி இன்னொரு ஏற்பாடும் செய்தார். குழந்தைகளுக்கு முதலில் பாதிதான் பரிமாறுவது, கேட்டால் மறுபடி போடுவது. மிச்சம் விழுவதே குறைந்துபோயிற்று. அப்படியும் விழுந்தது வாட்ச்மேன் வளர்த்த இரண்டு கோழிக்குப் போனது. "உங்க அக்கா இளைக்கிறாங்க, என் கோழி ரெண்டும் நடக்க முடியாம உருளுது," என்று வாட்ச்மேன் என்னிடம் புகார் சொன்னார்.

காலையில் வெறும் டீயோடு ஓடுவதை விட்டு, முட்டையும் பழமும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். தட்டில் பாதி காய், மீதியில்தான் மற்றதெல்லாம். டீக்கு மூன்று கரண்டி சர்க்கரை போடுகிறவர், மாதத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வந்தார். எண்ணெயைக் கேனிலிருந்து சாய்த்து ஊற்றாமல் கரண்டியால் அளந்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும் ஒரு துண்டு கேக், நீலக்கோட்டுத் தட்டில்.

"இது எதுக்கு இப்போ?" என்று நான் முகத்தைச் சுளித்தேன்.

"வாழ்நாள் பூரா கேக்கே கிடையாதுன்னா ரெண்டே மாசத்துல நான் பழையபடி ஆயிடுவேன். ஒரு துண்டுன்னா கிழவியாகிற வரைக்கும் என்னால முடியும். எது நல்லது, நீயே சொல்லு."

மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ குறைந்தது, சில மாதம் ஒன்று. ஆமை கூட வேகமாகப் போகும் என்று எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. எழுபத்தொன்பதில் முள் அப்படியே நின்றுவிட்டது. ஒன்பது வாரம் அசையவில்லை. அந்த ஒன்பதாவது வாரத்தில் என் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுத்தால் இருமல், உட்கார்ந்தால் களைப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்த நாத்தனார் வழக்கம்போல உட்கார்ந்து கேக்கை எடுத்தார். எனக்கு எங்கிருந்துதான் அந்த வார்த்தை வந்ததோ.

"என் புருஷன் உசிரு உங்க வாயிலதான் மாட்டிக்கிட்டு இருக்கு. நல்லா சாப்பிடுங்க!"

அவர் கையிலிருந்ததைத் திரும்ப வைத்தார். தட்டைக் கழுவிப் பையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த வாரம் பூராவும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபத்தில் பழையபடி பட்டினி கிடப்பாரோ, இல்லை வெறுத்துப்போய் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொள்வாரோ, எது நடந்தாலும் பாவம் என் தலையில்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்துக்கு வந்தார். பையிலிருந்து தட்டை எடுத்தார். உட்கார்ந்தார்.

"எங்க கேக்கு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அக்கா, மன்னிச்சிடுங்க, நான் ஏதோ புத்தி கெட்டு..."

"சரி, விடு. உன் மேல இருக்கற கோவத்தைச் சோத்து மேல காட்டுவேன்னு நெனைச்சியா? அந்தக் காலமெல்லாம் போச்சு. அந்த ஆலோசகர் பொண்ணுகிட்டப் பேசினேன். உடம்பு லேசானா இப்படி நிக்குமாம், இனிமே கொஞ்சம் நடக்கணுமாம். நாளையிலிருந்து ரெண்டு நிறுத்தம் முன்னாடியே பஸ்ஸை விட்டு இறங்கப் போறேன்." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "கேக்குல சர்க்கரை தூக்கல்," என்றார்.

மூன்று வாரம் கழித்து முள் அசைந்தது. பட்டினியை விட்டு இருபத்தோராவது மாதம் மருத்துவமனை எடைக்கருவியில் ஏறினார். எழுபத்தொன்று புள்ளி ஆறு. நர்ஸ் அவரை இறங்கி மறுபடி ஏறச் சொன்னாள். அப்போதும் அதே. காப்பகத்தில், "மெத்தம்மா, மெத்தை எங்க போச்சு?" என்று ஒரு வாண்டு மடியில் புரண்டு புரண்டு படுத்து அழுததாம். அதை மட்டும் வருத்தத்தோடு சொன்னார்.

அறுவைச் சிகிச்சை ஐந்து மணி நேரம் நடந்தது. அந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றி என்னிடம் யாரும் கேட்காதீர்கள். டாக்டர் வெளியே வந்து, "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க," என்று சொன்னபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகையில் அந்த வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

ஐந்தாவது நாள் மெல்ல நடந்து, தம்பி அறைக்கு வந்தார் நாத்தனார். வாயிலும் மூக்கிலும் துணி கட்டிக்கொண்டு, கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் அப்போதுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவருக்குப் பசி வந்திருந்தது. ஆனாலும் பழைய புத்தி போகுமா? கடைசியில் அரைத் துண்டு ரொட்டியும் இரண்டு கரண்டி காயும் மிச்சம். சின்ன வயதில் செய்த மாதிரியே கண்ணைச் சிமிட்டிக்கொண்டு தட்டை அக்கா பக்கம் நகர்த்தினார்.

நாத்தனார் அந்தத் தட்டைப் பார்த்தார். கை மடியை விட்டு அசையவில்லை.

"நீயே சாப்பிடுடா," என்றார். "உள்ள என்னோடது ஒண்ணு இருக்கில்ல? அதுக்கும் பசிக்கும்."

என் வீட்டுக்காரர் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டு முடித்தார்.