வலப்பக்கப் பொத்தான்

குண்டு அடித்து விளையாடும் அந்தப் பின்பால் மெஷினை என் தம்பி லொறியில் கொண்டுவந்து இறக்கிய அன்று, நான் அவனைக் கடித்துத் தின்னாத குறை. பொத்துவில் பக்கம் அவன் வேலை செய்யும் ஹோட்டலில் கழித்துவிட்டார்களாம். கண்ணாடிக்குள்ளே கூடாரம், குதிரைகள், ராட்டினம். மேலே வாயைப் பிளந்த ஒரு கோமாளி. யாரும் தொடாவிட்டாலும் இருந்தாற்போல் கண்ணைச் சிவப்பாக எரித்து, கெக்கெக்கே என்று சிரிக்கும்.

"டேய், நோயாளி இரிக்கிற வீட்டுக்கு இந்தச் செய்த்தானையா கொண்டு வந்த?"

"மச்சானுக்குப் பொழுது போகும் ராத்தா. கோவிக்காதங்க."

நோயாளி என் புருஷன். கல்முனையில் ரேடியோ, டிவி திருத்தும் கடை வைத்திருந்தவர். பாரிசவாதம் வந்து, நடை திரும்பியும் வலது கை திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அந்தக் கை இனி அவ்வளவுதானோ என்று நினைத்தபடியே பந்தை எடுத்து வைப்பேன்.

உருவம் இருக்கிற வீட்டுக்கு மலக்குமார், அந்த வானவர்கள், வரமாட்டார்கள் என்று, தொழுமுன் கோமாளியின் முகத்தைப் பழைய சாரன் ஒன்றால் மூடிவிடுவேன். நெற்றியை நிலத்தில் வைத்துச் சுஜூதில் இருக்கும்போது சாரனுக்குள்ளிருந்து கெக்கெக்கே. பிளக்கைப் பிடுங்கினாலோ, இவர் முகம் தொங்கிவிடும். உண்மையைச் சொன்னால், தொழுது முடித்ததும் என் காலும் அந்தப் பக்கம்தான் போகும். சின்ன வயதில் பெருநாள் கார்னிவலில் மோட்டார் சைக்கிள் சுற்றும் மரணக் கிணற்றை விரலிடுக்கால் பார்த்தேனே, அதே ஆசை.

அவர் இடது கையால் மட்டும் விளையாடினார். கீழே இரண்டு சின்னத் துடுப்புகள், அவற்றை அடிக்கவைக்கப் பக்கத்துக்கு ஒரு பொத்தான். இரும்புக் குண்டு இடப்பக்கம் வந்தால் அடிப்பார். வலப்பக்கம் வந்தால் குழிக்குள் போய்விடும், கோமாளி சிரிக்கும். இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"புள்ள, நீ வந்து வலது பக்கத்த அமுக்கு" என்றார் ஒருநாள்.

"எனக்கு வேலை இல்லையா? ஒங்களுக்கும் வலது கை இரிக்கிதானே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அவர் இடது கையால் வலது கையைத் தூக்கிப் பொத்தானில் வைத்தார்.

குண்டு விழுந்தது. சிரிப்பு. மறுபடி விழுந்தது. மறுபடி சிரிப்பு. "சிரி, சிரி, ஒனக்கு இரிக்கி" என்று கோமாளியோடு மல்லுக்கு நிற்கத் தொடங்கினார். ரப்பர் பந்தைத் திரும்பியும் பாராத மனிசன், ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுத கையோடு அதன் முன்னால் போய் நின்றார்.

அப்படி ஒரு நாள் பொழுது சாய, மஃரிப் தொழுகைக்காகக் கோமாளியின் முகத்தை மூடப் போனேன். குண்டு வலப்பக்கமாக உருண்டு வந்தது. டக்! துடுப்பு அடித்தது. குண்டு மேலே பறக்க, ராட்டினம் சுழன்று எல்லா விளக்கும் எரிந்தது.

"நீயா அமுக்கின?" என்றார்.

"அல்லாஹ்வே, நான் ரெண்டு கையாலயும் சாரனப் புடிச்சிட்டெல்லா நிக்கிறன்!"

அவருடைய விரல் இன்னும் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தது. பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அன்று அந்தச் சாரனால் என் கண்ணைத்தான் துடைத்தேன்.