முதல் அரைப்பு

அய்யாவு வெற்றிலையின் காம்பைக் கிள்ளுகிறார் என்றால் அன்றைக்கும் முடிவாகவில்லை என்று பொருள். மிளகாய் அரைக்கும் இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கும்போது தாம்பூலத்தோடு கொடுக்கவேண்டும் என்று, காலையில் பிரிக்பீல்ட்ஸ் பாசார் சந்தையில் பார்த்துப் பார்த்து வாங்கிய கொழுந்து வெற்றிலை அது. பொழுது சாய்ந்ததும் அவரே போட்டு மென்றுவிடுவார். மறுநாள் புதுக் கட்டு. ஒரு மாதமாக வாய் சிவந்ததுதான் மிச்சம்.

மலாய் நாட்டுக்கு வந்து, ரயில் ஓடும் கம்பிச்சடக்கில் உளுத்த கட்டைகளை மாற்றுகிற வேலை பார்த்தவர். ரப்பர் விலை விழுந்ததில் ஆட்குறைப்பு வந்து அதுவும் போயிற்று. வேலை போனவர்களை இனாமாக ஊருக்கு அனுப்பும் கப்பல் நாளை சுவெட்டன்ஹம் துறைமுகத்திலிருந்து கிளம்புகிறது. அதில் அவருக்கும் மனைவி தங்கமணிக்கும் இடம் இருக்கிறது. இல்லாவிட்டால், தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் சீன முதலாளி ஒருவர் கடையில் கிடக்கும் பழைய இயந்திரத்தில் சேமிப்பையெல்லாம் போட்டு இங்கேயே மில் வைக்கலாம்.

வேறொருவராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இறங்கியிருப்பார். அய்யாவு எந்தக் கட்டையையும் தட்டிப் பார்க்காமல் நம்பியதில்லை. வீடு வீடாகப் போய் விசாரித்தார். "மில்லு வச்சா அரைக்க வருவீங்களா அக்கா? சும்மா தெரிஞ்சுக்கத்தான்." எல்லாரும் வருவதாகச் சொன்னார்கள். அத்தோடு திரும்பியிருக்கலாம். மனிதர் இன்னொரு தட்டு தட்டினார். எந்த நேரத்துக்கு வருவீர்கள் என்று கேட்டார்.

அங்கே பிடித்தது சனி. யாழ்ப்பாணத்துக் கிளார்க்கின் மனைவி மீனலோசனி, "எங்கட தூள் வறுத்து அரைக்கிறது. மற்றவையின்ர மஞ்சள் அதில சேரக்கூடாது. விடிய முதல் எங்களுக்கு அரைச்சுத் தருவியளோ?" என்றார். காப்பிக்கொட்டை வறுக்கும் சைவ வீட்டில், கருவாடு பட்ட கல்லில் தங்கள் கொட்டை விழக்கூடாது, ஆகையால் முதலில் தங்களுக்கு என்றார்கள். கருவாட்டுப் பொடி விற்கும் மாரியாயிக்கோ காப்பி வாடை ஆகாது. நடுவில் ஒரு பிடி அரிசி ஓட்டினால் வாசம் போய்விடும் என்று தவுக்கே யோசனை சொன்னார். அந்த அரிசி யார் வீட்டு அரிசி என்று அடுத்த வழக்கு கிளம்பியது.

அடுத்த வீட்டுக்காரன் என்ற முறையில் என்னிடம் வந்து உட்கார்ந்துகொள்வார். "இத்தன பேரு வரேன்றாங்க, அப்ப யாவாரம் ஓடும். அத்தன பேரும் மொதல்ல வரேன்றாங்க, அப்ப ஓடாது. ரெண்டு பேச்சும் ஒரே ஆளுங்க பேசுறதுதான் சார். நான் எத நம்புறது?"

எனக்கு எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது. தங்கமணி ஒரு பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு, வாசற்படியில் நின்று தினமும் கேட்பது ஒன்றே ஒன்று. "அம்மிய பக்கத்து வீட்டுக்குக் குடுத்துடவா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க." அய்யாவு அம்மியைக் குனிந்து முகர்ந்து பார்ப்பார்.

இன்று காலை துணைக்கு என்னையும் தவுக்கேயின் கடைக்கு அழைத்துப்போனார். மாலையில் கிள்ளானிலிருந்து வேறொருவர் இயந்திரத்தைப் பார்க்க வருகிறார், வேண்டுமா வேண்டாமா என்று தவுக்கே மலாயில் கேட்டார். அய்யாவுவின் கை மடிக்குப் போயிற்று. போன கை அங்கேயே நின்றது. என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க சார். ஒங்க வீட்டுல அரைப்பீங்களா?"

"கண்டிப்பா அரைப்போம்" என்றேன். வாய் அத்தோடு நிற்கவில்லை. "வெள்ளிக்கிழமை மட்டும் மொத அரைப்பு நமக்குப் போட்டுருங்க. அம்மாவுக்கு விரதம்."

நானும் அந்தக் கூட்டம்தான் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"அப்ப நீங்களும் மொதல்லதானா சார்? இனி தட்டிப் பாக்க ஆளில்ல" என்றார் அய்யாவு. மடியிலிருந்து வெற்றிலையை உருவினார். விரல் பழக்கத்தில் காம்புக்குப் போய், கிள்ளாமல் நின்றது. பிறகு பணத்தை வெற்றிலைமேல் வைத்து, இரண்டையும் இயந்திரத்தின் வாயருகே வைத்தார். தவுக்கே எடுத்துக்கொள்ளக் கையை நீட்டினார். அய்யாவு வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை.