அம்மை குத்த வந்தவர்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ல, ள, ழ எல்லாம் இடம் மாறி விழும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

அறுபதுகளில், எங்களுக்குக் கல்யாணமான புதிதில், வீரபாண்டிப் பக்கம் பெரியம்மை பரவியது. அடுத்த தெருவில் ஒரு குழந்தை போய்விட்டது. அம்மை குத்திக்கொள் என்று மனைவியிடம் தினமும் கெஞ்சினேன்.

"ஊசியால குத்துனா ஆத்தா கோவிச்சுக்கிடுவா மாமா. நான் மாட்டேன்" என்று முடித்துவிட்டாள். வாழைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருக்கும்போதே, இந்நேரம் அவளுக்குக் காய்ச்சல் வந்திருக்குமோ என்று நினைப்பு ஓடும்.

பிறகு அம்மை குத்துகிறவர் சைக்கிளில் வந்தார். சர்க்கார் ஆள். வெளுத்த சட்டை, படிய வாரிய தலை. தெருப் பெண்களை ஆத்தா என்றார், தாயி என்றார். என் மனைவியை மட்டும் எந்த முறை வைத்தும் கூப்பிடவில்லை. அது எனக்கு உறுத்தியது.

"ஆத்தா கோவிச்சுக்கிடுவா" என்று அவரிடமும் சொன்னாள்.

"கோவிச்சா என்னையத்தான கோவிப்பா? ஊசி எங்கிட்டல்ல இருக்கு. அந்தக் கோவத்துலதான் தெனமும் என் சைக்கிள் பஞ்சராகுது."

அவள் சிரித்தாள். கல்யாணமானதிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். அவர் அவள் கையைப் பிடித்து, தோளுக்குக் கீழே ஊசியை வைத்துத் திருகினார். நான் அவருடைய சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல சைக்கிள்.

ஒரு வாரம் கழித்துப் பார்வையிட வந்தார். எல்லோர் கையிலும் கொப்புளம் எழும்பியிருந்தது. இவள் கையில் ஒன்றுமில்லை. மறுபடியும் பிடித்தார், மறுபடியும் குத்தினார்.

"ஒம் பொண்டாட்டிக்கு மட்டும் ரெண்டு தடவையா? குடுத்து வச்ச கைதான்!" என்றாள் பக்கத்து வீட்டு மதினி. தெருவே சிரித்தது.

அவர் போனதும் உள்ளே போனேன். என் மனைவி கொல்லையில் நின்று மஞ்சள் தண்ணீரை ஊற்றிக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யிற?"

"குத்துனதைக் கழுவுறேன். போன தடவையும் கழுவிட்டேன்."

"பெறகு எதுக்குக் கையை நீட்டுன?"

"வெயில்ல அம்புட்டுத் தூரம் மிதிச்சு வந்துருக்காக. மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு எப்படிச் சொல்ல?"

என் மூஞ்சிக்கு நேராகச் சொன்னாளே! நானும் வெயிலில்தான் வேலை செய்தேன்.

அந்த வாரம் முழுக்க ஒரே யோசனைதான். உண்மையைச் சொன்னால் அவர் இன்னொரு தரம் அவள் கையைப் பிடிப்பார். சொல்லாவிட்டால் அவளை அம்மைக்குக் கொடுக்க வேண்டிவரும். அடுத்த தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் வேப்பிலை கட்டிவிட்டார்கள். அவர் மறுபடி வந்தபோது, அதுவரை அவரிடம் ஒரு வார்த்தை பேசியிராத நான், "கழுவிடுறா சார்" என்றேன்.

"காட்டிக் குடுத்துட்டீகளே" என்று அவள் முறைத்தாள்.

அவர் கோபிக்கவில்லை. குத்தி முடித்து என்னைப் பார்த்தார். "அண்ணே, காயுற வரைக்கும் நீங்க பிடிச்சுக்கங்க. விட்டுறாதீக."

தெருவே பார்க்க, வாசலில் உட்கார்ந்து என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மதினி என்னென்னவோ சொன்னாள், எனக்குக் காது அடைத்துக்கொண்டது. கை என் பிடியில்தான் இருந்தது. அவள் கண் தெருக்கோடியில் சைக்கிள் திரும்புவதையே பார்த்தது.

"பாவம், ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காமப் போறாக" என்றாள்.

இந்தத் தடவை கொப்புளம் நன்றாக எழும்பியது. வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வரவே இல்லை. அவளுக்கு அம்மையும் வரவில்லை. இப்போது எங்களுக்குப் பேரன் இருக்கிறான்.

அவள் துணி காயப் போடக் கையைத் தூக்கும்போது அந்த வட்ட வடு தெரியும். அவளைக் காப்பாற்றிய வடு என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், ரவிக்கைக்கு அளவு கொடுக்கும்போது கையை ஒரு விரற்கடை இறக்கித் தைக்கும்படி டெய்லரிடம் இன்றைக்கும் நான்தான் சொல்கிறேன்.

10 மார்ச் 1985, ஞாயிற்றுக்கிழமை