வளைவில் நிற்கும் குதிரை

என் அண்ணி சீட்டியடித்தால் மலையே திரும்பிப் பார்க்கும். இரண்டு விரலை மடித்து வாயில் வைத்தால் போதும், லாயத்தில் தூங்கும் குதிரையெல்லாம் காதை நிமிர்த்திக்கொள்ளும். என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதும் அதே சீட்டியால்தான். நானென்ன குதிரையா என்று சண்டைக்குப் போவேன். ஆனாலும் போய்ச் சாப்பிடுவேன்.

தேசியப் பூங்காவின் மலைப்பாதையில் பயணிகளைக் குதிரையில் அழைத்துப்போவது அண்ணனுக்கும் அண்ணிக்கும் வேலை. முன்னால் துரை என்கிற பழுப்புக் குதிரையில் அண்ணன், நடுவில் பயணிகள், கடைசியில் அண்ணி. நான் லாயத்தில் லாடம் அடிக்கிறவன். குதிரையின் காலைத் தூக்குவேனே தவிர மேலே ஏறச் சொன்னால் பயந்து ஓடிவிடுவேன்.

பாதை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும். ஒவ்வொரு வளைவிலும் அண்ணன் நிற்பான். கடைசி ஆளும் பத்திரமாக வளைவு தாண்டியதும் அண்ணி சீட்டியடிப்பார். அண்ணன் திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்குவான். அப்புறம்தான் துரை நகரும். போகப் போக துரையும் அவனோடு சேர்ந்து கழுத்தைத் திருப்பி அண்ணியைத் தேட ஆரம்பித்தது. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து இதென்ன கூத்து என்று நான் கிண்டல் செய்வேன்.

இந்த சீசன் தொடக்கத்தில் அண்ணன் போய்விட்டான். பள்ளத்தில் விழவில்லை, மிருகம் எதுவும் அடிக்கவில்லை. வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவன், "நெஞ்சு என்னமோ பண்ணுது" என்று கட்டிலில் உட்கார்ந்தான். அவ்வளவுதான். யார்மேல் என்று தெரியாமலே எனக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

வழி தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லாததால் குதிரைகளின் முதலாளி அண்ணியைத் துரையில் ஏறி முன்னால் போகச் சொன்னார். கடைசிக் குதிரைக்கு ஒரு புது ஆளைப் போட்டார். முதல் வளைவிலேயே துரை நின்றுவிட்டது. குதிகாலால் தட்டியும் கடிவாளத்தை இழுத்தும் அசையவில்லை. கழுத்தைத் திருப்பிப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணி சேணத்தில் உட்கார்ந்தபடியே சீட்டியடித்துப் பார்த்தார். துரை காதை ஆட்டியதே தவிர பார்வையை எடுக்கவில்லை.

"மேல உக்காந்திருக்கிறது நான்தான்னு அதுக்குத் தெரியல தம்பி. என்னைப் பின்னாடி தேடுது" என்றார் அன்று சாயங்காலம்.

முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். "சீசன் முடியறதுக்குள்ள இந்தப் பழக்கத்தை மாத்தும்மா. இல்லேன்னா இதை வித்துட்டு வேற வாங்கிக்கிறேன்."

அண்ணன் என்று அண்ணிக்கு மிச்சமிருந்தது துரைதான். அதனால் நானும் ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிக் குதிரையில் ஏறினேன். வளைவில் நானே சீட்டியடித்தேன். காற்றுதான் வந்தது. துரை என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இளக்காரம்.

அப்புறம் அதன் பழக்கத்தை மாற்ற அண்ணியே முனைந்தார். பயணிகள் வருமுன் தினமும் காலையில் துரையை மட்டும் மலைக்கு ஓட்டிப்போவார். வளைவில் அது நின்று தேடும். அண்ணி வாய் திறக்கமாட்டார். அது அலுத்து ஒரு அடி எடுத்து வைத்ததும் கழுத்தைத் தட்டிக்கொடுப்பார். அந்தச் சத்தம் அதற்கு மறக்கவேண்டும் என்று வீட்டிலும் லாயத்திலும் சீட்டியடிப்பதையே விட்டார். என்னைச் சாப்பிடக் கூப்பிட நடந்து வந்தார்.

நேற்று பயணிகளோடு போய்த் திரும்பியபோது முதலாளி வாசலிலேயே நின்று பாராட்டினார். இனி துரையை விற்கமாட்டாராம். அண்ணி தலையாட்டிவிட்டுக் குதிரையை என்னிடம் கொண்டுவந்தார்.

"ஒரு வளைவுலகூட நிக்கல தம்பி."

"நல்லதுதானே அண்ணி?"

"நல்லதுதான்." சேணத்தின் வாரை அவிழ்க்கப் போனவர் கை அப்படியே நின்றது. "பின்னாடி நான் வர்றேனான்னு திரும்பிப் பாக்க இது ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் நானே மறக்கடிச்சிட்டேன்."

அண்ணன் செத்த அன்றைக்குக்கூட அண்ணி இப்படி அழவில்லை. துரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினார். துரை தீவனத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் லாடத்தைப் பார்க்கிற சாக்கில் அதன் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு குனிந்துகொண்டேன்.