ஆயில் ஒழுகிய இடம்

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் லொறி ஓட்டிக்கொண்டிருந்தேன். கொழுந்து ஏற்றுவதும் தேயிலைப் பெட்டிகளைத் தலவாக்கலை ஸ்டேஷனில் சேர்ப்பதும் அந்தப் பழைய டீசல் லொறிதான். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனாலும் அதுதான்.

என் மனைவி நிறைமாதமாக இருந்தாள். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா அவளைப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"புள்ள குறுக்க கெடக்கு. வலி கண்டதும் நுவரெலியாவுக்குக் கொண்டு போயிரணும். இங்க வச்சிக்கிட்டு ஒண்ணும் செய்ய ஏலாது."

அந்த வாரம்தான் லொறி ஆயில் ஒழுகத் தொடங்கியது. காலையில் எஞ்சினுக்கு அடியில் தரை கறுத்துக் கிடக்கும். ஊற்றி ஊற்றி ஓட்டினேன். கறை நாளுக்கு நாள் பெரிதானது. நுவரெலியாவுக்குப் போகும் வழியில் நானுஓயா ஏற்றத்தில் ஆயில் வற்றி எஞ்சின் இறுகிப்போனால், அவளை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?

கீழே படுத்துப் பார்த்தால் எல்லா இடமும் ஈரம். ஆயில் நிற்கும் அடித்தொட்டியின் போல்ட்டுகளை இறுக்கினேன், நிற்கவில்லை. எஞ்சினின் பின்பக்கத்திலிருந்து சொட்டுவதைக் கண்டேன். அங்கே ஆயிலை அடைத்து வைக்கும் பின் சீல் போயிருந்தால் எஞ்சினையே இறக்கவேண்டும். லொறி வாரக்கணக்கில் நிற்கும்.

என் மனைவியின் அண்ணன் தேயிலை அரைக்கும் ஸ்டோரில், இயந்திரங்கள் ஓடும் இஞ்சின் காம்பராவில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமை மச்சானைக் கூட்டி வந்தேன். இருவரும் எஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்தோம்.

"இப்ப மாவு மாதிரி எதையாச்சும் தூவுனா எங்க மொதல்ல நனையுதுன்னு தெரிஞ்சிரும் மாப்ள," என்றார்.

எங்கள் வீடு இருந்த லயத்துக்கு ஓடி அவளிடம் முகப்பவுடர் டப்பாவைக் கேட்டேன்.

"லொறிக்கா?"

"ஆமா."

என் முகத்தைப் பார்த்தாள். டப்பாவை எடுத்துக் கொடுத்தாள்.

பவுடரைத் தூவி, எஞ்சினை ஓடவிட்டு, குனிந்து பார்த்தபடி நின்றேன். ஒன்றும் தெரியவில்லை. "எக்ஸிலேட்டரக் கொஞ்சம் மிதிங்க மச்சான்," என்றேன். சத்தம் ஏறியதும் பின்பக்கம் மேலே பவுடர் ஒரு கோடாகக் கறுத்தது. அந்தக் கோட்டுக்கு மேலே, ஆயில் அழுத்தம் காட்டும் முள்ளுக்குப் போகிற மெல்லிய செம்புக் குழாய். ஒரு தகட்டில் உரசி உரசி மயிரிழையாய் வெடித்திருந்தது. எஞ்சின் வேகமெடுத்தால் அதிலிருந்து ஆயில் பீறும், பின்னால் வழிந்து கீழே சொட்டும். பின் சீலில் பழுதில்லை.

நிம்மதி கொஞ்ச நேரம்தான். புதுக் குழாய் கொழும்பிலிருந்து வரவேண்டும். மச்சான் குழாயைக் கழற்றிவிட்டு, அது எஞ்சினில் மாட்டியிருந்த ஓட்டையில் ஒரு போல்ட்டைப் போட்டு இறுக்கினார்.

"இனி ஒழுகாது. ஆனா முள்ளு வேல செய்யாது. உள்ள ஆயில் ஏறுதா இல்லையான்னு ஒங்களுக்குத் தெரியாது. பாத்துப் போங்க."

இரண்டு நாள் கழித்து, காலைக் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் அவளுக்கு வலி கண்டது. முன்சீட்டில் எனக்கும் தோட்டத்து மருத்துவச்சி அம்மாவுக்கும் நடுவே சாய்ந்திருந்தாள். பனி மூடியிருந்தது. வேலை செய்யாத அந்த முள் பூச்சியத்தில் கிடந்தது. அது அப்படித்தான் கிடக்கும் என்று தெரியும். ஆனாலும் கண் அங்கேயே போனது. தலவாக்கலையில் நிறுத்தி ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன். அளவு குறையவில்லை. நானுஓயா ஏற்றத்தில் மறுபடி நிறுத்தினேன்.

"என்னங்க, என்னையப் பாக்க நிப்பாட்டுறீங்களா, லொறியப் பாக்கவா?" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

இறங்கிப் பார்த்துவிட்டு வந்தேன்.

"ஆயில் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப போங்க. இனி நிப்பாட்டாதீங்க."

நிறுத்தவில்லை. எஞ்சின் சத்தம் மாறுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டினேன். அவள் முனகும்போது அது கேட்கவில்லை. அவள் சத்தமில்லாமல் இருந்தபோது இன்னும் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவளை உடனே ஆப்பரேஷனுக்கு எடுத்துப்போனார்கள். வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் ஒரு நர்ஸ் வந்து, பெண் பிள்ளை என்றும் தாய்க்கு ஆபத்தில்லை என்றும் சிங்களத்தில் சொன்னாள். எழுந்திருக்கப் பார்த்தேன். மருத்துவச்சி அம்மாதான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.