பால் வராத சாயங்காலம்

சேர்ந்த நாள்

பால் குளிரூட்டும் நிலையத்தில் நான் லேப் வேலைக்குச் சேர்ந்தது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி, செஞ்சி ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் அந்தக் கட்டடம். திருவண்ணாமலையிலிருந்து முதல் பஸ்ஸில் போய் இறங்கியபோது பனி கலையவே இல்லை. கேட் எது, சுவர் எது என்று தெரியவில்லை. பால் இறக்கும் மேடைக்கு மேலே ஒரு காகித நட்சத்திரம் மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நடந்து போய்ச் சேர்ந்தேன்.

நட்சத்திரத்தைக் கட்டியவர் ஸ்டெல்லா மேடம். வருகிற பாலை எடை போட்டு ரசீது எழுதுவது அவர் வேலை. நான் வணக்கம் சொன்னதும், "பேரை அப்புறம் கேட்டுக்கறேன். நாளைக்கு டூட்டிக்கு வருவீங்களா, மாட்டீங்களா, அதைச் சொல்லுங்க" என்றார்.

"வந்துடுவேன் மேடம். நாளைக்கு உங்களுக்குப் பண்டிகையாச்சே, நீங்க லீவா?"

"மாட்டுக்குக் கிறிஸ்துமஸ் தெரியுமா சார்? சர்ச்சுக்குப் போய்ட்டு நேரா இங்கதான்."

கம்ப்ரசர் ரூம் வாசலில் கையைத் துடைத்துக்கொண்டிருந்த பஷீர் பாய் சிரித்தார். கம்ப்ரசர் ஆபரேட்டர். தேரடித் தெருப் பக்கம் நாலு தலைமுறையாக இருக்கும் குடும்பம். "எனக்கு ரம்ஜான் அன்னிக்கும் இதே கதைதான். பயப்படாதீங்க, நமக்குன்னு ஒரு நாள் இருக்குது. தை ரெண்டு வரைக்கும் பொறுத்துக்குங்க" என்றார்.

தை இரண்டு

பொங்கல் சில வருஷம் ஜனவரி பதினான்கில் வரும், சில வருஷம் பதினைந்தில் வரும். ஆங்கிலத் தேதியை நம்பினால் தப்பாகிவிடும். அதனால் எங்கள் நிலையத்தில் தை ஒன்று, தை இரண்டு என்றுதான் பேசுவோம். எனக்குத் தேதிப் பைத்தியம் உண்டு என்பதால் அந்தப் பேச்சு முதல் நாளே பிடித்துப்போனது.

பால் நிலையத்துக்கு லீவு கிடையாது. பசு காலையிலும் கறக்கும், மாலையிலும் கறக்கும். கறந்த பாலைச் சீக்கிரம் குளிர வைக்காவிட்டால் திரிந்துபோகும். வருஷத்தில் ஒரே ஒரு வேளைதான் விதிவிலக்கு: மாட்டுப் பொங்கல் சாயங்காலம். எங்கள் சுற்று ஊர்களில் அன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, சாயங்காலப் பாலை முழுக்கக் கன்றுக்கு விட்டுவிடுவார்கள். ஒரு கேன்கூட வராது.

மெஷினை நிறுத்திப் பழுது பார்க்க அந்த வேளையை விட்டால் வேறு வேளை இல்லை. மத்தியானம் டேங்கர் லாரி காலைப் பாலை ஏற்றிக்கொண்டு போனதும் பஷீர் பாய் கம்ப்ரசரைக் கழற்றிவிடுவார். ஐஸ் பேங்க்கையும் காலி செய்வார். ஐஸ் பேங்க் என்பது பெரிய தொட்டி. உள்ளே வரிசையாகக் குழாய்கள் இருக்கும். கம்ப்ரசர் ஓட ஓட அந்தக் குழாய்களைச் சுற்றி ஐஸ் பிடிக்கும். அந்த ஐஸில் சில்லிட்ட தண்ணீர்தான் பாலைக் குளிர வைக்கிறது. தொட்டியை வடித்துவிட்டுக் குழாய்மேல் சாதாத் தண்ணீரைப் பீய்ச்சினால், பிளந்த மூங்கில் போல ஐஸ் நீள நீளமாகக் கழன்று விழும்.

அந்த ஐஸை முற்றத்தில் குவித்து பஷீர் பாய் மலை கட்டுவார். எங்கள் மலையைத்தான். நிலையத்து முற்றத்திலிருந்து பார்த்தால் தென்மேற்கே தூரத்தில் அண்ணாமலை தெரியும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதை அளப்பார். "இந்தப் பக்கம் சரிவு ஜாஸ்தியாப் போச்சு. அங்க ரெண்டு துண்டு வைங்க. உச்சி இன்னும் கொஞ்சம் கூராகணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நாங்கள் எல்லோரும் கை விறைக்க விறைக்க அடுக்குவோம்.

குடும்பங்கள் வந்துசேரும். டிசம்பரில் செய்த கிறிஸ்துமஸ் கேக்கை ஸ்டெல்லா மேடம் எங்கள் குளிர் அறையில் துணி சுற்றி அதுவரைக்கும் பத்திரமாக வைத்திருப்பார். பஷீர் பாயின் மனைவி நூர்ஜஹான் சேமியாவும் பிரியாணியும் கொண்டுவருவார். என் மனைவி கமலா சர்க்கரைப் பொங்கல் பானையோடு பஸ்ஸில் வருவாள். காகித நட்சத்திரத்தை அதுவரை அவிழ்க்க மாட்டோம். மலையின் உச்சியில் ஸ்டெல்லா மேடம் ஓர் அகல் விளக்கு வைப்பார்.

பிறகு எல்லோரும் சூரியனுக்காகக் காத்திருப்போம். தை மாதத்தில் எங்கள் முற்றத்துக்குச் சூரியன் நிஜ மலைக்குப் பின்னால்தான் இறங்கும். நாள் போகப் போக வடக்கே தள்ளிப்போய்விடும். அது மலைமேல் உட்காரும் அந்தச் சில நிமிஷம், ஐஸ் மலைக்குள் வெளிச்சம் புகுந்து உள்ளேயிருந்தே சிவந்து எரிவது போலத் தெரியும். குளிர்ப்புகை தரையோடு தவழும். குழந்தைகள் அதற்குள் நடந்தால் முழங்காலுக்குக் கீழே கால் தெரியாது. அந்த நேரத்தில்தான் கேக்கை வெட்டுவோம். தூக்கத்தில் பார்த்ததா நிஜமாகப் பார்த்ததா என்று மறுநாள் டூட்டியில் சந்தேகம் வரும்.

வேன் சத்தம்

சில வருஷம் கழித்து ஒரு தை இரண்டு. மலை கட்டி முடித்தாயிற்று. விளக்கு ஏற்றியாயிற்று. சூரியன் மலைக்கு மேலே இன்னும் ஒரு கை உயரத்தில் இருந்தது. கேட்டுக்கு வெளியே ஒரு சின்ன வேன் வந்து நின்றது. பின்னால் பால் கேன்கள்.

முன் சீட்டிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். செல்வி என்று பெயர். செஞ்சி ரோட்டில் கொஞ்சம் தள்ளியுள்ள ஓர் ஊரில் புதிதாகத் தொடங்கிய பால் சங்கத்தின் செயலாளர்.

"பால் கொண்டாந்திருக்கோம்" என்றாள்.

ஸ்டெல்லா மேடம் அவளையும் கேன்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னிக்கா? இன்னிக்குப் பால் கன்னுக்குத்தானேம்மா?"

"எங்க ஊர்ல காலைப் பால்தாங்க கன்னுக்கு. சாயங்காலம் கறந்துடுவோம். பொங்கலுக்கு ஆரம்பிக்கறோம்னு மேனேஜர்கிட்ட சொல்லியிருந்தோமே."

சொல்லியிருந்தார்கள்தான். பொங்கல் முடிந்து தை மூன்று காலையிலிருந்து என்று நாங்களாகவே எடுத்துக்கொண்டோம். மாட்டுப் பொங்கல் சாயங்காலத்துக்கு வேறு ஊரில் வேறு வழக்கம் இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

சொந்த ஊருக்குப் போயிருந்த மேனேஜருக்குப் போன் போட்டேன். "கம்ப்ரசர் இல்லாம வாங்கிக் கெட்டுப்போச்சுன்னா யார் பதில் சொல்றது? திருப்பி அனுப்பிடுங்க" என்றார்.

ஸ்பீக்கரில் இருந்ததால் செல்விக்கும் கேட்டுவிட்டது. அவள் சத்தம் போடவில்லை. "சார், இதுதான் எங்க முதல் பால். தனியார் வண்டிக்கு ஊத்திக்கிட்டிருந்தவங்களை வீடு வீடாப் போய் நான்தான் பேசிக் கூட்டியாந்தேன். முதல் நாளே பால் திரும்பி வந்துச்சுன்னா, நாளைக்கு ஒருத்தர் வாசல்லயும் நான் போய் நிக்க முடியாது" என்றாள். திரும்பி வேனைப் பார்த்தாள். "சங்கமே இருக்காதுங்க."

நான் ஒரு கேனைத் திறந்து முகர்ந்தேன். நல்ல பால். இன்னும் மடிச்சூடு ஆறவில்லை. அப்படியே விட்டால் இரவு தாங்காது.

"எவ்ளோ நேரத்துல மாட்டுவீங்க பாய்?" என்று கேட்டேன்.

"வால்வெல்லாம் மண்ணெண்ணெய்ல ஊறுது. இப்ப உக்காந்தாக்கூட எட்டு மணி தாண்டும். அப்புறம் தண்ணி சில்லாகணும்." அவர் என்னிடம் பேசினாலும் பார்வை முற்றத்தில் இருந்தது.

நூர்ஜஹான் அதைக் கவனித்துவிட்டார். "இன்னாங்க, மலையையே பாக்கறீங்க, வாயைத் தொறக்க மாட்டேங்கறீங்க. நான் சொல்லட்டுமா?"

"பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்குதுங்க" என்றார் பஷீர் பாய்.

"பால் அதுக்கு மேல காத்துக்கிட்டு இருக்குது."

ஸ்டெல்லா மேடம் மலை அருகே போனார். எக்கி உச்சியிலிருந்த அகலை எடுத்தார். காற்றுக்கு மறைத்து இன்னொரு கையால் பொத்திக்கொண்டார். "உடைங்க பாய்" என்றார்.

கேன் கழுவும் தொட்டி

முதல் துண்டை பஷீர் பாயே பெயர்த்தார். பிறகு ஸ்பானரோடு கம்ப்ரசர் ரூமுக்குள் போய்விட்டார். கேன் கழுவும் சிமெண்டுத் தொட்டியில் போர் தண்ணீரை விட்டோம். செல்வியும் வேன் டிரைவரும் கேன்களை இறக்கி அதில் நிறுத்தினார்கள். மலையை மடி மடியாக அள்ளிக்கொண்டு வந்து கேன்களுக்கு நடுவே போட்டோம்.

குழந்தைகள் அழுவார்கள் என்று நினைத்தோம். அழவில்லை. மலையைக் கட்டியதை விட உடைத்துத் தூக்கிக்கொண்டு ஓடுவது அவர்களுக்குப் பிடித்திருந்தது. கமலா புதுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நீண்ட காம்பு வைத்த துழாவுகோலால் ஒரு கேனைக் கலக்கினாள். அடுத்த கேன் நூர்ஜஹானுடையது.

"பொங்கல் கிண்டற மாதிரி கிண்டாதீங்க கமலா, வெண்ணெய் தெரண்டுடும்" என்றார் நூர்ஜஹான்.

"நீங்க பிரியாணிக்குக் கிளறுற மாதிரி மெதுவாவா?"

"ஆமா. அடியில இருந்து மேல."

தொட்டியிலிருந்து புகை கிளம்பி மேடை முழுக்கப் பரவியது. நட்சத்திரத்தின் சிவப்பு அந்தப் புகையில் கரைந்து எல்லோர் முகத்திலும் படிந்தது. யார் யார் என்று தெரியவில்லை. வளையல் சத்தமும் ஐஸ் கேனில் மோதுகிற சத்தமும் மட்டும் கேட்டன. நான் தெர்மாமீட்டரை ஒவ்வொரு கேனாக விட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். இறங்கிக்கொண்டிருந்தது.

சூரியனை எல்லோரும் மறந்துபோனோம். பஷீர் பாயின் பெண் ஷபானா கடைசியாக ஒரு நீளத் துண்டை இரண்டு கையாலும் ஏந்தி வந்தாள். தொட்டிக்கு முன்னால் வந்தவள் நின்றுவிட்டாள். அவள் கையிலிருந்த ஐஸுக்குள் சிவப்பு வெளிச்சம். நிமிர்ந்து பார்த்தோம். நிஜ மலையின்மேல் சூரியன் பாதி இறங்கியிருந்தது. துழாவுகோல்கள் எல்லாம் நின்றன. வேன் டிரைவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். சூரியன் மறைகிற வரைக்கும் ஷபானா அசையாமல் நின்றாள். அப்புறம் அந்தத் துண்டையும் தொட்டியில் போட்டாள்.

எட்டரை போல கம்ப்ரசர் ஓடத் தொடங்கியது. தொட்டியில் கரையாமல் மிதந்த ஐஸை அள்ளி ஐஸ் பேங்க்கில் கொட்டினோம். தண்ணீர் சில்லிட்டதும், பாலை உள்ளே விடுவதற்கு முன் ஒவ்வொரு கேனிலிருந்தும் கொஞ்சம் எடுத்துச் சோதனைக் குழாயில் ஊற்றிக் கொதிக்க வைத்தேன். பால் கெட்டிருந்தால் கொதிக்கும்போது திரி திரியாகப் பிரியும். செல்வி லேப் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். நெருப்பைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்தேன். கண்ணாடிச் சுவரில் பால் வழுவழுப்பாக வழிந்தது. ஒன்றில்கூடத் திரி இல்லை.

"மேடம், ரசீது போடுங்க" என்றேன்.

செல்வி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

கேக் வெட்டும்போது முதல் துண்டை அவளுக்குத்தான் கொடுத்தார் ஸ்டெல்லா மேடம். அவள் கேக்கையும் பொங்கலையும் சேமியாவையும் பார்த்துவிட்டு, "இது இன்னா பண்டிகைங்க?" என்றாள்.

"கேக்கு கிறிஸ்துமஸோடது. பொங்கல் நேத்தையது. சேமியா போன ரம்ஜான் பாக்கி. சாப்பிடும்மா" என்றார் மேடம்.

மேனேஜருக்கு மறுபடி போன் போட்டேன். பால் நல்ல பால் என்று சொன்னேன். "எனக்குக் கேக்கு இருக்கா?" என்றார்.

இப்போது

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் தை இரண்டுக்குக் கமலாவும் நானும் பஸ் ஏறிவிடுகிறோம்.

பால் வேலைக்கு வரும் புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எங்களுக்குத் தெரிந்த ஊர்களின் வழக்கத்தை நம்பி மெஷினையே கழற்றிப் போட்டிருந்தோம். அதே பண்டிகை, அதே மாடு, பஸ்ஸில் போனால் கொஞ்ச தூரம்தான். அந்த ஊரில் கன்றின் வேளை வேறாக இருந்தது. ஒருத்தர் வாய்விட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இப்போது எந்தப் புதிய சங்கம் சேர்ந்தாலும் ஸ்டெல்லா மேடத்தின் இடத்தில் இருப்பவர் கேட்கிற முதல் கேள்வி, "உங்க ஊர்ல கன்னுக்கு எந்த வேளைங்க?"

செல்வியின் சங்கம் நிலைத்துவிட்டது. தை இரண்டு சாயங்காலம் அவர்கள் பால் மட்டும் வரும். அதற்காகக் கம்ப்ரசரைக் கழற்றாமல் விட முடியாது. ஆகவே விழுகிற ஐஸில் பாதியைத் தொட்டிக்கு ஒதுக்கிவிடுகிறோம். முன்பு ஆள் உயரம் இருந்த மலை இப்போது இடுப்பு உயரம்தான். விளக்கு வைக்க எக்க வேண்டியதில்லை, குனிய வேண்டும்.

போன தை இரண்டில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவருடைய பிள்ளை, "மலை ஏன் இவ்ளோ கம்மியா இருக்குது?" என்று கேட்டது. பஷீர் பாய் ஒரு கண்ணை மூடி நிஜ மலையை அளந்துகொண்டிருந்தார். அளப்பதை நிறுத்தாமலே கேன் கழுவும் தொட்டிப் பக்கம் கையைக் காட்டினார்.

"மீதி அங்க வேலைல இருக்குது."